ஷாப் இறக்கம்

காலை ஆறு இருபதுக்கு நான் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

பென்ரித் மைதானத்துப் புல் நனைந்திருந்தது. முதுகுக்குக் கீழே சாக்கு விரித்திருந்தேன். ஈரம் அதையும் தாண்டி வந்துவிட்டது. எழுபத்து மூன்று வயதில் லாரிக்கு அடியில் போய்விடலாம். வெளியே வருவதுதான் பாடு.

எட்டுச் சக்கர வண்டி. நேற்று மாலை நான்கு சக்கரங்களுக்கு பிரேக் வைத்தேன். இன்று காலை மூன்று. இது கடைசி. உரசும் வரை இறுக்கி, இரண்டு சொடுக்கு தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்தேன். பிறகு இன்னொரு முறை சுற்றினேன். தேவையில்லைதான்.

கிளைவ் மௌன்சியின் பூட்ஸ் தெரிந்தது. பளபளப்பான பூட்ஸ்.

"பெரியவரே, உயிரோட இருக்கீங்களா?"

"ஜாக்கியை இறக்கிட்டு சொல்றேன்."

"டீ கொண்டாந்திருக்கேன். பன்னிக்கறி வெச்ச ரொட்டியும் இருக்கு."

"அதை முதல்ல சொல்றதுக்கென்ன?"

அவன் என் தோளைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தான். கிளைவ் பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிழைப்புக்காக ஒரு மைல்கூட லாரி ஓட்டியதில்லை. இந்த வண்டியை ஒரு பண்ணையில் முட்செடிகளுக்கு நடுவிலிருந்து வாங்கி, பதினோரு வருடம் உட்கார்ந்து புதுப்பித்தான். ஒவ்வொரு திருகாணியும் அந்தக் காலத்துத் திருகாணி. பாரம் இல்லாமல் ஓடினால் லாரி லாரியாக இருக்காது என்று பின்னால் பதினான்கு டன் சிமென்ட் கட்டிகளையும் ஏற்றியிருந்தான்.

இந்த வண்டியை முதலில் வைத்திருந்த ஓல்டர்ஷா பிரதர்ஸ் லாரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் உயிரோடிருப்பவன் நான் ஒருவன்தான். கிளைவ் எப்படியோ தேடிப் பிடித்து, பழைய லாரி ஊர்வலத்துக்குக் கூப்பிட்டான். இரண்டு முறை வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை, "இந்த பிரேக்கை வைக்க ஆள் கிடைக்கல. நானே ஏதோ இறுக்கி வெச்சிருக்கேன்" என்றான். அதற்காக வந்தேன்.

ஏழு மணிக்கு மற்ற வண்டிகளும் வந்து சேர்ந்தன. முப்பது, நாற்பது இருக்கும். மடக்கு நாற்காலி, சட்டை முழுக்க பேட்ஜ், கழுத்தில் கேமரா. இரண்டு பேர் எங்கள் வண்டியின் முன் நின்று சண்டை போட்டார்கள்.

"இது ஓல்டர்ஷா சிவப்பே இல்ல."

"நீ எப்ப பாத்த ஓல்டர்ஷா வண்டிய?"

"போட்டோ வெச்சிருக்கேன்."

"கறுப்பு வெள்ளை போட்டோ!"

என்னைப் பார்த்தார்கள். "நீங்க அங்க வேலை பாத்தவராமே. என்ன சிவப்பு, சொல்லுங்க."

"கழுவ யாருக்கும் நேரமில்லை. அழுக்குச் சிவப்பு."

இருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று சொல்லத் தெம்பில்லை.

டீயைக் குடித்துக்கொண்டே ஓட்டுநர் பக்கக் கதவைப் பார்த்தேன். தங்க எழுத்தில் ஜாஸ் பர்கெட் என்று எழுதியிருந்தது.

"இது அவன் ஓட்டின வண்டி இல்லையே," என்றேன்.

"தெரியும். அதோட ஜோடி வண்டி. ஒரே மாசம் வாங்கினது. அவர் பொண்ணு வராங்க. பாத்ததும் அசந்துடுவாங்க." கிளைவ் ஒரு சிறு புத்தகத்தை நீட்டினான். வண்டியின் வரலாறு, அவனே எழுதி அச்சடித்தது. "ஒன்பதாம் பக்கம்."

ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து வரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று அக்டோபர், வெள்ளிக்கிழமை. கிளாஸ்கோவிலிருந்து கென்டலுக்குத் திரும்பி வந்த ஜாஸ் பர்கெட், ஷாப் மலை இறக்கத்தில், ஹக்ஸ் பாலத்துச் சுவரை உடைத்துக்கொண்டு விழுந்து இறந்தார். காரணம், சரியாகப் பராமரிக்கப்படாத பிரேக். ஃபிட்டரின் பெயரைப் போடவில்லை. ஃபிட்டர் யாரென்று கிளைவுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த பிரேக்கை வைத்தது நான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. ஒழுங்காகத்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியை மீட்க முதலில் போனவனும் நான்தான். ஜாஸை அதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். கேபினுக்குள் ஊர்ந்து போனேன். கியர்க் கம்பி நியூட்ரலில் நின்றது.

அந்தக் காலத்தில் எல்லா ஓட்டுநர்களும் செய்ததுதான். நீண்ட இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் விடுவது. இருபது மைல் வேகத்தில் முனகும் வண்டி ஐம்பதுக்குப் போகும். டீசல் மிச்சம், அரை மணி மிச்சம். அபர்தீன் கியர் என்று கேலியாகச் சொல்வோம், அந்த ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று. எடுப்பது சுலபம். வேகம் ஏறிய பிறகு திரும்பப் போட முடியாது. எஞ்சினால் அந்த வேகத்துக்குச் சுற்ற முடியாது. அதற்குப் பிறகு பிரேக் மட்டும்தான். பதினான்கு டன்னுக்கு அது ஒரு மைல் தாங்கும். ஷாப் இறக்கம் ஒரு மைலுக்கு மேல்.

அது சட்டப்படி குற்றம். ஓட்டுநர் கியரை எடுத்தான் என்றால் தப்பு அவனுடையது; குடும்பத்துக்கு ஒன்றும் வராது. பிரேக் என்றால் கம்பெனி கொடுத்தாக வேண்டும். ஜாஸுக்கு மூன்று பிள்ளைகள்.

கிளட்சை மிதித்துக் கம்பியை மூன்றாவதில் தள்ளினேன். ஒரு முறை முட்டியது. பிறகு விழுந்தது. பத்து நொடி வேலை.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். கியர் மூன்றாவதில், பிரேக் எரிந்து கரி. என்னைக் கேட்டார். சரியாக வைத்தேனா இல்லையா என்று நினைவில்லை என்றேன். கம்பெனி ஜாஸின் குடும்பத்துக்குக் கொடுத்தது, என்னை அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை. நானும் என் மனைவி ஹில்டாவும் லங்காஸ்டருக்குப் போனோம். பஸ் டிப்போவில் தரை கழுவினேன், இருபத்தாறு வருடம்.

ஜாஸின் மகள் ஜூடித் எட்டு மணிக்கு வந்தாள். ஐம்பது தாண்டியவள். நர்ஸ். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள், சீருடை மேல் கோட்டு. கதவில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. எழுத்தின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு, கிளைவ்."

"பயப்படாம ஏறுங்க. பிரேக்கெல்லாம் புதுசா வெச்சாச்சு. ஓல்டர்ஷா ஃபிட்டரே வந்து வெச்சிருக்காரு."

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஒன்பதாம் பக்கம் ஓடுவது தெரிந்தது.

"எந்த ஃபிட்டர்?" என்றாள்.

"நான்தான். எட்வின் ஹார்க்கர்."

என் கைகளைப் பார்த்தாள். கிரீஸ் இன்னும் போகவில்லை.

"எங்க அப்பா வண்டிக்கும் நீங்கதான் வெச்சீங்க."

"ஆமா."

"அம்மா உங்க பேரை வீட்ல சொல்லவே விடமாட்டாங்க. நாங்க பசங்க மெதுவா சொல்லிப் பாப்போம், கெட்ட வார்த்தை மாதிரி."

கிளைவ் தொண்டையைச் செருமினான். "ஜூடித், எனக்குத் தெரியாது, சத்தியமா. வேணும்னா நாம..."

"இல்ல. போலாம்." அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா மிஸ்டர் ஹார்க்கரும் ஏறட்டும். அவர் வெச்ச பிரேக். அவரும் நம்பி உக்காரட்டும்."

"மூணாவது சீட்டு இல்லியே."

"எஞ்சின் மூடி மேல உக்காருவாரு. சூடு பழகினவர்தானே."

ஏறினேன். முழங்கால் மடங்க நேரம் பிடித்தது. ஜூடித் மேலிருந்து கை கொடுத்தாள். தூக்கிவிட்டுக் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

வரிசையில் ஏழாவதாகக் கிளம்பினோம். எஞ்சின் எனக்கு அடியில் உறுமியது. பேசினால் கத்த வேண்டும். ஷாப் கிராமத்தில் சிலர் வாசலில் நின்று கையசைத்தார்கள். ஏற்றத்தில் மூன்றாவது, பிறகு இரண்டாவது. நடை வேகம். கிளைவ் கியர் மாற்றுவது படித்துத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் உதட்டுக்குள் எண்ணினான்.

உச்சியில் வண்டி நிமிர்ந்தது. மேகம் கீழே கிடந்தது. நெடுஞ்சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் ஆட்டைத் தவிர யாரும் வருவதில்லை. முன்னால் போன வண்டிகள் வளைவில் மறைந்துவிட்டன.

கிளைவ் முகம் மலர்ந்தது. "பெரியவரே, பழைய ஆளுங்க வித்தை ஒண்ணு காட்டட்டுமா? போன மாசம் சங்கத்துப் பத்திரிகைல வந்துது. அபர்தீன் கியர்."

கம்பி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் அவன் கை இருந்தது.

"வேண்டாம்," என்றேன்.

"எல்லாரும் பண்ணதுதானே?"

"கியர்பெட்டி இப்பதான் பிரிச்சுக் கட்டினது. தாங்காது."

"வெளிய எடுத்தா பெட்டிக்கு என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க." சிரித்தான். "அதான் பிரேக் இருக்கே, நீங்க வெச்சது."

ஜூடித் என் முன்னால் குனிந்து அவனிடம் கத்தினாள். "அது என்ன?"

"கியரை எடுத்துட்டு சும்மா விட்டுடறது. பறக்கும். அந்தக் காலத்து டிரைவருங்க இந்த இறக்கத்துல பாட்டு பாடிக்கிட்டே போவாங்களாம்."

"எங்க அப்பாவுமா?"

"கண்டிப்பா."

"அப்ப விடுங்க. எங்க அப்பா பாத்த மாதிரி பாக்கறேன்."

கிளைவ் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். கம்பி தளர்ந்தது. நான் அவன் கை மேல் என் கையை வைத்து அழுத்தினேன். இரண்டு கையும்.

"பெரியவரே, வலிக்குது."

"அப்படித்தான் செத்தான்."

"என்ன?"

"ஜாஸ். இங்கதான் எடுத்தான். இதே எடத்துல. எடுத்தா திரும்பப் போட முடியாது, தம்பி. கையை எடு."

அவன் கையை எடுத்துவிட்டான். கம்பி கியரிலேயே இருந்தது. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்து ஊளையிட்டது. பதினைந்து மைல் வேகத்தில் முதல் வளைவில் திரும்பினோம். கிளைவ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தான். காது வரை வெளுத்திருந்தான்.

நான் கம்பியை விடவில்லை.

ஜூடித் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். கத்தவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது.

"ரிப்போர்ட் எங்க வீட்ல இருக்கு. நான் படிச்சிருக்கேன். வண்டி கியர்லதான் இருந்துச்சு."

"நான் போட்டேன்."

"எப்ப?"

"உங்க அப்பாவை எடுத்துட்டுப் போனப்புறம்."

"பிரேக்?"

"பிரேக் நல்லா இருந்துது."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கீழே பாலம் தெரிந்தது. சுவரின் ஒரு துண்டு மட்டும் வேறு நிறக் கல். அவள் அதையும் பார்த்திருப்பாள். இத்தனை வருடத்தில் பலமுறை பார்த்திருப்பாள்.

"கம்பெனி குடுத்த பணத்தாலதான் எங்களுக்கு வீடு நின்னுது," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அம்மா சாகற வரைக்கும் உங்களைத் திட்டினாங்க."

"திட்டட்டும்னுதான்."

"ஜூடித்," என்றான் கிளைவ். "நான் அந்தப் பக்கத்தை மாத்தி..."

"நீங்க ரோட்டைப் பாருங்க, கிளைவ்."

பாலத்தைக் கடந்தோம். சாலை ஏறத் தொடங்கியது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன். விரல்கள் நிமிரவில்லை. ஜூடித் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நிமிர்த்தினாள். நோயாளிக்குச் செய்வதைப் போல, முகத்தைப் பார்க்காமல்.

"உங்க வீட்டம்மா," என்றாள். "ஊரெல்லாம் பேசினப்போ அவங்களும் அதையெல்லாம் கேட்டிருப்பாங்க இல்ல? அவங்ககிட்டயாவது சொன்னீங்களா, மிஸ்டர் ஹார்க்கர்?"