வலது முழங்கால்

"காலை ஆட்டாதை எண்டு நான் சொல்லேல்லை. முழங்காலைக் கீழை இறக்காதை எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதானே, தனு."

"ஒண்டில்லை. நிலத்தைப் பார்."

பேர்ணடெற் பார்த்தாள். தோழி தனுஷியாவின் வெள்ளவத்தை மாடிவீட்டில், ஒரு நீள வாங்கின் மேல், முழங்கால்கள் விளிம்புக்கு வெளியே நீண்டிருக்க, அவள் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கால்களிலும் கடலுக்கடியில் சுழியோடும்போது மாட்டும் ரப்பர்த் துடுப்புகள். கீழே நிலமெல்லாம், கடலடிச் சேற்றுக்குப் பதிலாக, முகப்பவுடர் தூவியிருந்தது. வலது துடுப்பின் அடியில் மட்டும் அது சிதறி சோபாக் கால்வரை போயிருந்தது.

"உன்ர மாமி இப்ப வந்தா என்ன நினைப்பா?"

"பெரிய பல்லியொண்டு விழுந்து கிடக்குது எண்டு நினைப்பா. நீ காலைப் பார்."

கல்கிசை நீச்சல் தடாகத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. முழங்கால்களை மடித்துப் பாதங்களை மேலே தூக்கி, ஒன்றால் தண்ணீரை வெளியே தள்ளி மற்றதால் உள்ளே இழுத்தால், உடம்பு கடிகார முள்போல நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். ஆனால் தடாகத்தின் அடியில் சேறு கிடையாது.

போன மாதம், கடலடியில் கிடக்கும் பழைய கப்பலின் அருகே, சேறு இருந்தது. அவளுக்குச் சோடியாக இறங்கியவன் ரொனி. கொட்டாஞ்சேனையில் அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். பின்னால் வருகிறானா என்று பார்க்க, சைக்கிள் மிதிப்பதுபோல் ஒரு உதை உதைத்துத் திரும்பினாள். அவ்வளவுதான். சேறு கிளம்பிச் சுற்றிலும் தேத்தண்ணி நிறம். தன் கையே தெரியவில்லை. பயத்தில் வலது கை தானாகவே நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் போய்ச் சிலுவை போட்டது. டோர்ச் இருந்ததும் அந்தக் கையில்தான். கலங்கலுக்கு அப்பால் வெளிச்சம் அங்குமிங்கும் வீசுவதைக் கண்ட ரொனி, உதவி கேட்கிறாள் என்று எண்ணிச் சேற்றுக்குள் பாய்ந்தான். கப்பலின் இரும்பு விளிம்பு அவன் நெற்றியைக் கிழித்தது. ஆறு தையல்.

அவன் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவும் இல்லை. இப்போது கோயிலில் சிலுவை போடும்போதுகூட அவளுடைய கை பாதியில் தயங்குகிறது.

"இந்த முறை கடலில இறங்கச் சனிக்கிழமைதான் கடைசி," என்றாள் தனுஷியா. "அதுக்குப் பிறகு கடல் குழம்பிடும். ரொனியே உன்னோட இறங்கமாட்டன் எண்டா, வேற ஆரும் வரமாட்டினம். தெரியும்தானே?"

"தெரியும்."

கரையோர ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓயும்வரை பேர்ணடெற் காத்திருந்தாள். தொடைகளை வாங்கோடு அழுத்திக்கொண்டாள். இடது வெளியே, வலது உள்ளே. முழங்கால் கீழே போகத் துடித்தது, விடவில்லை. திரும்பவும். பவுடர் அப்படியே கிடந்தது.

"இப்ப?"

தனுஷியா குனிந்து பார்த்தாள். "இப்ப சரி. ஆனா டோர்ச்சை இடக்கைக்கு மாத்து. உன்ர வலக்கையை நம்பேலாது."

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. துடுப்புகளைக் கழற்றாமலே எழுந்திருந்து போனை எடுத்தாள். அவனுக்கு அனுப்பியிருந்த நான்கு செய்திகளையும் அவன் பார்த்திருந்தான். பதில் இல்லை. குரலைப் பதியும் பொத்தானை அழுத்தியபோது விரலில் ஒட்டியிருந்த பவுடர் திரையில் படிந்தது.

"ரொனி, நான்தான். இப்ப எனக்கு முழங்காலை இறக்காமல் திரும்பத் தெரியும். டோர்ச்சை இடக்கையில பிடிப்பன். உனக்கு முன்னால போகமாட்டன், பக்கத்திலயே வாறன். சனிக்கிழமை... என்னோட இறங்குவியா?"