எலிக்குப் போடும் மருந்து

தருமபுரியில் ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வெண்மதிக்கு எலிகளோடு வேலை. வலிப்பு வரவழைத்த எலியின் மூளைக்குள் மஸ்கிமால் என்ற ரசாயனத்தை ஊசிமுனையளவு செலுத்துவாள். நரம்புகளின் துடிப்பை அடக்கும் ஏற்பிகளை அது தூண்டிவிடும். உதறிக்கொண்டிருந்த எலி மெல்ல அடங்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது அவளுக்குத் தம்பி மாதேஷின் ஞாபகம்தான் வந்தது. அவனுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு.

அந்த வாரம் பென்னாகரத்து வீட்டுக்குப் போனவள், சாப்பிடும்போது பெருமை தாங்காமல் அதைச் சொல்லிவிட்டாள்.

"போட்ட கொஞ்ச நேரத்துல எலி கம்முனு ஆயிடுதுடா."

"மனுசனுக்கு எப்பக்கா வரும்?"

"வரும் வரும். அதுக்குத்தான நாங்க இருக்கறோம்."

மாதேஷ் செல்போன் கடையில் வேலை பார்த்தான். வலிப்புக்குத் தினமும் போடும் மாத்திரையால் அவனுக்குத் தூக்கக் கலக்கம். கடைக்கு ஆள் வந்து நிற்கும்போதே கண் சொருகும், முதலாளி திட்டுவார். அக்காவின் மருந்துதான் வரப்போகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டான். அம்மா தீர்த்தம்மாள் கேட்டால், "போட்டுட்டம்மா" என்பான்.

நடுவில் ஒருநாள் போன் செய்து, "எலியெல்லாம் எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குதுடா. வேலையா இருக்கேன், அப்பறம் பேசறேன்."

அப்புறம் அவள் பேசவில்லை.

கூட்டாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒகேனக்கல் ரோட்டில் போனபோது அவனுக்கு வலிப்பு வந்தது. வண்டியிலிருந்து விழுந்தவனுக்கு ஆஸ்பத்திரி வந்த பிறகும் அது நிற்கவில்லை. உயிர் பிழைத்தான். இடது கை மட்டும் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. ரத்தப் பரிசோதனையில் அவன் மாத்திரை போடாதது தெரிந்தது.

"மாத்திரைய ஏன்டா நிறுத்தன?"

"நீதான மருந்து வருதுன்னு சொன்ன."

அவன் குரலில் கோபமே இல்லை. வெண்மதிக்கு அதுதான் தாங்கவில்லை.

"அது மண்டையில ஓட்ட போட்டு உள்ள உடறதுடா. கொஞ்ச நேரம்தான் அடங்கும். மனுசனுக்குக் குடுக்கற மருந்தே இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லக்கா."

டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் மாதேஷுக்குப் பகலில் கண் சொருகவில்லை. புது மருந்தா என்று தீர்த்தம்மாள் கேட்டாள். "பழசுதாம்மா" என்றாள் வெண்மதி. அவள் படிக்கப் போவதற்கு முன்பிருந்தே எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரை அது. தம்பிக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.