பக்கத்து வீட்டுச் சோறு

புருஷன் துரைசாமியின் உடலை ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டதும் ரத்தினம்மா கூடத்தைக் கழுவத் தொடங்கினாள். அம்மாடி, எவ்வளவு பெரிய கூடம்! வாளி வாளியாக ஊற்றியும் மறுகோடி நனையவில்லை. மகன்கள் மூவரும் குடும்பத்தோடு இருக்கட்டும் என்று செராங்கூன் கார்டன்ஸில் மனுஷன் ஆசை ஆசையாக வாங்கிய வீடு. கடைசியில் இருந்தது என்னவோ அவரும் அவளும்தான்.

"மார்க்கெட் நாலு எட்டு. சினிமாக் கொட்டகை தெருமுனையில. பஸ்ஸு வாசல்லயே. இங்க இல்லாதது எது, சொல்லு?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இன்றைக்குக் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

மருமகள் லீலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அத்த, ஆம்பளைங்க பிடாடாரி இடுகாட்டுலேருந்து பசியோட வருவாங்க. ஸ்டவ் பத்தவைக்கட்டுமா?"

"வாயக் கழுவு. எழவு வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியலாமா?"

"அப்ப மார்க்கெட்ல ஏதாச்சும் வாங்கிட்டு வரவா?"

"அது கடைச் சோறு. இன்னிக்கு இன்னொரு வீட்டு அடுப்புலேருந்து வரணும்டி."

பஃப்ளோ ரோட்டு மாடியில் ஒண்டுக் குடித்தனம் இருந்த காலத்தில், சாவு விழுந்தால் போதும், கண்மணி வீட்டு ரசமும் பதுருன்னிசா வீட்டுக் கஞ்சியும் கேட்காமலே வந்து இறங்கும். இன்று வந்திருந்த அந்தத் தெருக்காரர்கள் இடுகாட்டிலிருந்து அப்படியே பஸ் பிடித்துவிடுவார்கள். சாப்பாட்டை அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

அக்கம்பக்கமாவது! ஒரு பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் குடும்பம். காலையிலிருந்து ஜன்னல் திரை விலகவில்லை. மறுபக்கம் ஒரு சீனக் கிழவி. ஆறு வருஷமாக வேலிக்கு மேல் தலையாட்டுவதோடு சரி. பேர்கூடத் தெரியாது.

ஒரு வீட்டுச் சோறும் வராவிட்டால் நாதியற்றவன் செத்தது போலாகிவிடுமே! நினைக்க நினைக்க ரத்தினம்மாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு சட்டி நிறைய அரிசியை அள்ளிக்கொண்டு வேலியோரம் நடந்தாள்.

"என்ன அத்த செய்யிறீங்க?"

அவள் திரும்பவில்லை. சீனக் கிழவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ரத்தினம்மா சட்டியை வேலிக்கு மேல் நீட்டி, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "தோலோங்... மாசாக்," என்றாள். கொஞ்சம் சமைத்துக் கொடு என்று. பிறகு தன் வீட்டைக் காட்டி, வெறுங்கையை விரித்தாள்.

கிழவி திருதிருவென்று விழித்தாள். அப்புறம் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆண்கள் திரும்பி வந்து, குளித்து, செத்தவருக்காக ஏற்றிவைத்த விளக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்று மகன்களும் கூடத்தின் மூன்று மூலையில்.

பின்வாசலில் யாரோ தட்டினார்கள். லீலா போய்ச் சட்டியை வாங்கி வந்தாள். குழையக் குழையக் கஞ்சி. மூடியைத் திறந்தவள் பதறிப்போனாள்.

"ஐயையோ, மேல கருவாடு கிடக்கு லா! எழவு வீட்டுக்குக் கவிச்சியா? எடுத்து வீசிடட்டுமா அத்த?"

ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். பொரித்த கருவாடு, நாலு துண்டு. அரிசி அவள் கொடுத்தது. கருவாடு அவள் கொடுத்ததல்ல.

"கைய எடு," என்றாள்.

சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகன்களைத் தாண்டிப் போய் விளக்குக்கு முன்னால் அதை இறக்கி வைத்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

"பக்கத்து வீட்டுலேருந்து வந்திருக்கு."