இடது பை, வலது பை

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கலாம், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கலாம், சொந்தக்காரர்கள் தாழ்ந்த குரலில் வேறு சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசும் சத்தம்கூடக் கேட்கலாம். மெஷின் சத்தம் கேட்கலாமா? வந்தவர்கள் வாசலில் தயங்கி, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

முன்னறைக் கட்டிலில் கண்டக்டர் படுத்திருந்தார். பக்கத்து அறையில் டெய்லரம்மா அவருடைய வெள்ளைக் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, போதும், நிறுத்துங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் நாத்தனார்.

"டெய்லர் புருஷன் கிழிஞ்ச கோட்டோட போனான்னு நினைக்கிறதுக்கு இது தேவலை."

"கடையில புதுசா ஒரு சட்டை..."

"கடைச் சட்டையா? இருபத்தாறு வருஷமா அந்த உடம்புல கடைச் சட்டை ஏறினதில்லை. இன்னைக்கு ஏத்தவா? நீ போய் வந்தவங்களுக்குத் தண்ணி கொடு."

ஆஸ்பத்திரியில் கோட்டை வெட்டியிருந்தார்கள். முன்பக்கம் ஐந்து பட்டன் இருக்க, அதைக் கழற்றப் பொறுமையில்லாமல் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பு. அவசரம், சரி. ஆனால் வெட்டியவனுக்குத் துணியின் இழை தெரியாது. கத்தரிக்கோல் கோணல்மாணலாகப் போயிருந்தது. அந்தக் கோணலை நேராக்குவதில் அவளுக்குக் காலை ஏழு மணியிலிருந்து வேலை இருந்தது. அவரைக் கொண்டுபோகும் வேன் பதினொரு மணிக்கு.

பையன் உள்ளே வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். நேற்று மதியம் மைதானத்தில் கட்டிய கால்பேடு இரண்டும் இன்னும் அவன் காலிலேயே இருந்தன. அதோடுதான் ஆம்புலன்ஸில் ஏறினான், அதோடுதான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தான், அதோடுதான் அப்பாவோடு வீடு வந்தான். கழற்றச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்.

"மேட்ச் முடியலை."

அவனை ஊரில் கட்டை என்பார்கள். வேகமாக வந்தாலும் சுழன்று வந்தாலும் மட்டையைக் குறுக்கே வைத்துக் கட்டை போடுவான். பந்து காலடியில் செத்து விழும். எதிரணிக்காரன் கெஞ்சுவான், திட்டுவான், கடைசியில் கொட்டாவி விடுவான். வீட்டிலும் அவன் அப்படித்தான்.

எட்டு ஊர், ஏழு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோப்பை. அதுதான் அவர்கள் ஆடும் ஆட்டம். அணிக்கு ஒரு அம்பயர் வேண்டும் என்றபோது, வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் நடமாடிக்கொண்டிருந்த கண்டக்டரைப் பிடித்து நிறுத்தினார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றவர். கால் வலிக்காது, யார் கத்தினாலும் காது வலிக்காது. டெய்லரம்மா கோட்டு தைத்துக் கொடுத்தாள், கை விட்டால் முழங்கை வரை இறங்கும் இரண்டு பைகளோடு. ஏனென்றால் அவர் பந்தை விரல் விட்டு எண்ணுகிறவர் இல்லை. ஆற்றிலிருந்து பொறுக்கிய ஆறு கூழாங்கல். ஓவர் தொடங்கும்போது ஆறும் இடது பையில். ஒரு பந்து போட்டதும் ஒரு கல் வலது பைக்கு. வைடு என்றால் கல் நகராது. ஆறும் மாறினால் ஓவர். புது ஓவருக்கு ஸ்டம்பை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்" என்பார். மைதானமே சிரிக்கும். ஆனால் அவர் ஐந்து பந்தை ஆறு என்றோ ஏழை ஆறு என்றோ சொன்னதாக ஒருவன் சொல்ல முடியாது. கோட்டைத் துவைக்கப் போடும்போது கல்லை எடுக்க மறந்துவிடுவார் என்பது ஒன்றுதான் அவள் சொல்லக்கூடிய குறை.

முதல் ஞாயிறு ஜெயித்தார்கள். இரண்டாவது ஞாயிறு கட்டை ஒரு ரன்கூட எடுக்காமல் காலில் பந்து பட்டு எல்பி. விரலைத் தூக்கியது அப்பா. மூன்றாவது ஞாயிறு பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. உரசிய சத்தம் பந்து போட்டவனுக்குக் கேட்கவில்லை, கீப்பருக்குக் கேட்கவில்லை. சும்மா ஒரு வார்த்தைக்குத்தான் "அவுட்டா?" என்றார்கள். அப்பாவுக்குக் கேட்டிருந்தது. விரல் மேலே போனது.

அன்று வீடு வந்தவன் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான். அவர் சாப்பிட்டு எழுந்தபின் இவன் உட்காருவான். அவர் தினமும் காலையில் வெளியே கிளம்பும்போது அவன் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். போய் வருகிறேன் என்று அர்த்தம். உள்ளிருந்து பதில் வராது. மறுநாளும் தட்டுவார்.

நாலு வாரம். இரண்டு கட்டைகள் ஒரு வீட்டில்.

பட்டனுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது சலூன்காரரும் மரக்கடைக்காரரும் வந்தார்கள். சலூன்காரர் இவர்களுடைய கேப்டன். மரக்கடைக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணிக்கு. இருவரும் கட்டிலருகே ஒன்றாகக் கைகட்டி நின்றார்கள், ஒன்றாக உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு தையல் அறை வாசலுக்கு வந்தார்கள்.

"அக்கா, இந்த நேரத்துல இதைக் கேட்கிறது தப்புதான்," என்றார் சலூன்காரர்.

"தப்புன்னு தெரியுதில்ல? கேளுங்க."

விஷயம் இதுதான். கடைசி ஞாயிறு, கடைசி மேட்ச், கடைசி ஓவர், கோப்பை இந்த இரண்டு ஊரில் ஒன்றுக்குத்தான். இவர்களுக்கு ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். கட்டை மட்டையோடு நிற்கிறான். நடுவில் ஒரு வைடு விழுந்ததில் கணக்கு எழுதுகிற இரண்டு பேருக்கும் குழப்பம். இவர்கள் நோட்டில் ஐந்து பந்து, அவர்கள் நோட்டில் ஆறு. ஐந்து என்றால் இன்னும் ஒரு பந்து இருக்கிறது. ஆறு என்றால் ஆட்டம் முடிந்தது, ஒரு ரன்னில் அக்கரைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். எதிரே நின்ற இன்னொரு அம்பயர், "கண்டக்டர் இருக்கும்போது நான் எதுக்குய்யா எண்ணணும்?" என்று கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் கட்டை அப்பாவைப் பார்த்துக் கேட்டான். நாலு வாரத்தில் முதல் வார்த்தை. அதிலும் அப்பா என்று கேட்கவில்லை. "அம்பயர், எத்தனை பால் இருக்கு?"

கண்டக்டர் கையை இடது பைக்குள் விட்டார். வாயைத் திறந்தார். விட்ட கை விட்டபடியே சாய்ந்தார்.

"நாங்க ஒண்ணும் அடம் பிடிக்கலை," என்றார் மரக்கடைக்காரர். "துக்க நேரம். கோப்பை ஆறு மாசம் எங்ககிட்ட இருக்கட்டும், ஆறு மாசம் இங்க இருக்கட்டும்."

"முதல் ஆறு மாசம் யாருக்கு?" என்றார் சலூன்காரர்.

"எங்களுக்குத்தான்."

"அது எப்படி? அம்பயர் எங்க ஆளு, செத்தது எங்க ஆளு. எங்களுக்கு எட்டு, உங்களுக்கு நாலு."

"ஏழுக்கு வாங்க, முடிச்சிடலாம்."

டெய்லரம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். கட்டிலில் படுத்திருக்கும் மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு பந்தை மாசக்கணக்கில் அறுத்துப் பங்குபோடுகிறார்கள். சந்தையில் துணி எடுக்கிறவர்கள்கூட இதைவிட வெட்கப்படுவார்கள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள். "அவன் கேட்டது அவரை. அவர் பதில் சொல்லட்டும்."

இருவரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். சலூன்காரர் அரையடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கல்லு பையிலதான் இருக்கு. ஆஸ்பத்திரியில முடிச்சுப் போட்டுக் கொடுத்த கவரை நான்தான் பிரிச்சேன். இன்னும் பைக்குள்ள கை விடலை. பை என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. ஒத்துக்கறீங்களா?"

மரக்கடைக்காரர் யோசித்தார். சரக்கைப் பார்க்காமல் விலைக்கு ஒப்புக்கொள்வது அவர் பரம்பரையில் இல்லை. ஆனால் அது கண்டக்டருடைய பை. "ஒத்துக்கறேன்," என்றார்.

"பட்டன் காஜா ஒண்ணு பாக்கி. அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க."

மரக்கடைக்காரர் நகர்ந்ததும் சலூன்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, இடது பையில ஒண்ணே ஒண்ணு இருந்துட்டா போதும். பையனும் கொஞ்சம் தேறுவான். அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்க்க முடியலை."

அவள் எழுந்து அவரை வெளியே அனுப்பினாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

இடது பையில் கை விட்டாள். மூலைவரை துழாவினாள். ஒன்றும் இல்லை. வலது பையில் விட்டாள். விரலில் தடவியே எண்ணினாள். ஆறு.

ஆறு கல், ஆறும் வலது பையில். ஓவர் முடிந்திருந்தது. அவர் திறந்த வாய் அதைச் சொல்லத்தான் திறந்திருந்தது.

ஜன்னல் வழியே படி தெரிந்தது. பையன் மட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேடுக்குள் கால் வியர்த்து வெந்துபோயிருக்கும். ஒரு பந்து கிடைத்தால் அவன் அடித்துவிடுவான். அடிக்காவிட்டாலும் நின்றாவது பார்ப்பான். ஒரு கல்லை ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க யார் இருக்கிறார்கள்? நகர்த்தக் கூடாதென்று சொல்கிற ஒரே ஆள் முன்னறையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஒரு கல்லை எடுத்தாள். இடது பையின் வாயை இரண்டு விரலால் விரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு அவரிடம் அவள் சண்டை போட்டிருந்தாள். "பெத்த பிள்ளை. யாருக்கும் கேட்காத சத்தம் உங்களுக்கு மட்டும் எதுக்குக் கேட்கணும்? ஒரு தடவை காதை மூடிக்கிட்டா என்ன குடி முழுகிடும்?" அவர் கோட்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார், "நாளைக்கு அவன் அம்பது அடிப்பான்டி. அப்ப ஒருத்தனும் அது அப்பன் போட்ட பிச்சைன்னு சொல்லக் கூடாது." அதை அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றதற்கு, "நீ வாயை விட்டுடாதே. அப்புறம் என்னை நினைச்சுக்கிட்டு ஆடுவான். பந்தைப் பார்க்க மாட்டான்," என்றார்.

ஆறாவது ஞாயிறு கட்டை ஐம்பத்தெட்டு அடித்தான், அவுட் ஆகாமல். எதிரணியில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. அன்று கண்டக்டர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

கல் அவள் கையில் சூடேறியிருந்தது. அதை வலது பையிலேயே போட்டாள். மற்ற ஐந்தோடும் மோதி டக்கென்றது.

கதவைத் திறந்து, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னறைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கேப்டன்கள் இருவரும் எழுந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. படியில் பையன் முன்னால் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய், எழுந்திரு. நேத்து ஒண்ணு கேட்டியே. பதில் வேணுமா வேண்டாமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் இரண்டும் இடுங்கியிருந்தன.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா."

"நான் அம்பயர் இல்லை. கையை விடு."

எழுந்தான். இடது பைக்குள் கையை விட்டான். மணிக்கட்டு போனது, பாதிக் கை போனது. அவள் தைத்த பை ஆழம். அடியில் கை நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது, அவர் கை கடைசியாக இருந்த இடத்தில். பிறகு வெறுமனே வெளியே வந்தது. வலது பைக்குள் விட்டான். ஒவ்வொன்றாக எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தான். சலூன்காரர் உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினார். ஆறாவது வந்ததும் அவர் உதடு நின்றது.

"அக்கா, ஆம்புலன்ஸ்ல குலுங்கினதுல ஒண்ணு இடம் மாறியிருக்கலாம்," என்றார்.

"இடது பையில இருந்த கல்லு வலது பைக்கு எப்படிப் போகும்? பஸ் பிடிச்சா?"

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்.

பையன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் போட்டி முழுக்க, விரல் மேலே போனபின்னும் மைதானத்தை விட்டு நகராமல் நின்று முறைத்துவிட்டு வந்தவன் அவன். அவள் காத்திருந்தாள்.

"ஓவர்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கற்களை ஒவ்வொன்றாக வலது பைக்குள்ளேயே போட்டான். மரக்கடைக்காரரிடம் திரும்பிக் கையை நீட்டினான். ஐந்து மாசத்துக்குப் பேரம் பேசியவருக்கு முழு வருஷமும் கிடைத்தபோது அதை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியவில்லை. நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கோப்பை இங்கயே..."

"ஜெயிச்சவங்க எடுத்துட்டுப் போங்க. அடுத்த வருஷம் நாங்க வந்து எடுத்துக்கறோம்."

பிறகு படியில் உட்கார்ந்தான். குனிந்து பேடின் வாரைப் பிடித்து இழுத்தான். ஒரு காலுக்கு மூன்று வார். ஒவ்வொன்றும் பிரியும் சத்தம் தெருவரை கேட்டது. இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனான். நேற்றிலிருந்து முதல்முறையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

கோட்டை அவனும் அவளும் சேர்ந்துதான் போட்டுவிட்டார்கள். அவன் தோளைத் தூக்கிப் பிடித்தான், அவள் கையை நுழைத்தாள். ஐந்து பட்டன். ஒட்டுப் போட்ட தையல் மேலே தெரிந்ததா என்று அவள் தடவிப் பார்த்தாள். தெரியவில்லை. வலது பக்கம் மட்டும் கோட்டு கொஞ்சம் கனமாகத் தொங்கியது. அதை அவள் சரி செய்யவில்லை.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. நாலு பேர் தூக்கினார்கள், தலைமாட்டில் பையன். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னால் கிளம்புவது? நாத்தனார் அழுதாள். கேப்டன்கள் தரையைப் பார்த்தார்கள். என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

பையன் வேனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். தகரத்தின்மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

வேன் நகர்ந்தது.