டால்பினின் இடுப்பில் ஒரு கன்றுக்குட்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது.

விலங்கியல் படிப்பைப் பாதியில் விட்டபின் ஓர் அருங்காட்சியகத்தில் பதினோரு மாதம் இரவுக் காவல் பார்த்தேன். காலை ஆறு மணிக்குச் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள ஒருவர் வருவார். செத்த மிருகத்தை எலும்பாக்குவதும், எலும்பை மறுபடி மிருகமாக்கி நிறுத்துவதும் அவர் வேலை. எலும்புக்காரர் என்பார்கள். ஒருநாள் சாவியை வாங்கும்போது சொன்னார்:

"அந்த டால்பின் இடுப்பு இருக்கே, அது டால்பினோடது இல்ல தம்பி. கன்னுக்குட்டி தொண்டை எலும்பு. ஒரு டீச்சரம்மா அளக்க வந்தாங்க..."

போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நான் நின்று மீதியைக் கேட்டிருக்கலாம். தூக்கம் வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் வேலையையும் விட்டேன்.

ஆக, அவருடையது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்.

"கடலிலிருந்து வருவது எதுவும் முழுதாக வருவதில்லை, ஏனென்றால் கடல்—" அடித்துவிட்டேன். சாமியார் பேச்சு.

"எலும்புக்காரர் தனிமையானவர்." இதையும்தான். தனிமை என்று எழுதிவிட்டால் நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள்.

வேலையிலிருந்து தொடங்குவதே நல்லது.

கூடத்தின் நடுவில் ஒரு நீள மேசை. அதில் ஆறு முன்னங்கால்கள் வரிசையாகக் கிடக்கும்: மனிதக் கை, நாயின் கால், குதிரையின் கால், வௌவாலின் சிறகு, நீர்நாயின் கால், டால்பினின் துடுப்பு. எலும்புக்காரர் அவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார். மேல்கை எலும்பு பச்சை, முன்கையின் இரண்டும் நீலம், மணிக்கட்டு மஞ்சள், விரல்கள் சிவப்பு. பச்சையைப் பிடித்துக்கொண்டே மேசையோடு நடந்தால் போதும். வௌவாலில் குச்சியாக நீண்டிருக்கும், டால்பினில் கட்டையாகக் குறுகியிருக்கும். ஆனால் அதே எலும்பு, அதே இடம். எல்லோரும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து போனவர்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். புத்தகம் சொல்லி அவர் இதை நம்பவில்லை. கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டார்.

அவருக்கு ஒரு மனைவி கொடுத்துப் பார்த்தேன். [மனைவி விட்டுப்போனாள், ஏனென்றால்—] வேண்டாம். நாற்றம் போதும். இந்த வேலையின் நாற்றம் சோப்புக்கு அடங்காது. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை நெரிசலிலும் காலியாக இருக்கும். தங்கை வீட்டுக்குப் போனால் மச்சான் எழுந்து ஜன்னலைத் திறப்பார். "காத்து வரட்டும்னுதான் மாமா" என்பார். வெளியே காற்றே இருக்காது.

3

தவறு நடந்தது இப்படி.

டால்பினுக்குப் பின்னங்கால் இல்லை. ஆனால் கால் இருந்த காலத்தின் மிச்சமாக, வாலுக்கு முன்னால், சதைக்குள் விரல் நீளத்தில் இரண்டு எலும்புகள் உண்டு. இடுப்பின் மிச்சம். முதுகெலும்போடு சேராது, வேறெந்த எலும்பையும் தொடாது.*

கரையொதுங்கிய டால்பினை அவர் கையில் கொடுத்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். அருங்காட்சியக டைரக்டர் மாடியிலிருந்து போன் போட்டபடியே இருந்தார். ஒரே மதியத்தில் சதையை வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். எதோடாவது ஒட்டியிருக்கும் எலும்பு சதையோடு போகாது, கத்தியில் தட்டுப்படும். இவை இரண்டும் தட்டுப்படவில்லை. மூன்று மாதம் கழித்து எலும்புகளை வெளுத்து அடுக்கும்போதுதான் புத்தகத்தில் டால்பின் எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தார். படத்தில் அந்த இரண்டும் இருந்தன, மேசையில் இல்லை.

புதிய கூடம் திறக்க நான்கு நாள் இருந்தது. அறிவிப்புப் பலகை அச்சாகி வந்துவிட்டது: 'கால்கள் இருந்ததற்குச் சாட்சி.'

"அந்த ரெண்டு எலும்பு ரெடியா?" என்றார் டைரக்டர்.

"ரெடி சார்."

வாய் முந்திக்கொண்டது. பெட்டியில் கன்றுக்குட்டியின் தொண்டை எலும்புகள் இருந்தன, இடமும் வலமுமாக ஒரு ஜோடி. அதே நீளம், ஏறக்குறைய அதே வளைவு. மெல்லிய கம்பியில் கட்டி, கண்ணாடிப் பேழைக்குள் டால்பினின் வாலுக்கு முன்னால் தொங்கவிட்டார். எட்டு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துப் போனார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

*இந்த எலும்பை அவரோடு ஒப்பிட வேண்டாம். எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் எலும்புக்கு மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் கஷ்டம் கிடையாது.

4

டீச்சர் ஒரு திங்கட்கிழமை வந்தாள். நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, வேலையை விட்டு ஆராய்ச்சியில் சேர்ந்தவள். ஊர் ஊராகப் போய் டால்பின்களின் இடுப்பெலும்பை அளக்கிறாள். இதுவரை அறுபத்தேழு ஜோடி. இது அறுபத்தெட்டாவது.

"உபயோகமில்லாத எலும்புன்னு நானே பதினெட்டு வருஷம் கிளாஸ்ல சொல்லிருக்கேன் சார். அத்தனையும் தப்பு. உபயோகம் இருக்கு."

"என்ன உபயோகம்?"

"ஆண் டால்பின் ஜோடி சேர்றப்போ உறுப்பை அசைக்கிற தசை அதுலதான் பிடிச்சிருக்கு."

"ஐயோ. இதைப் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"அதான் சொல்லாம வேலைய விட்டுட்டேன்."

அவர் சிரித்தார். சிரித்து நாளாகியிருந்ததால் இருமல் போல வந்தது.

டால்பினைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள் டீச்சர். ஒப்பிடுவதற்கு முதலில் நாய், மாடு, குதிரை, நீர்நாய். மதியம் ஆனதும் அவருடைய பட்டறைக்கே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சதை கழல எலும்பை ஊறவைக்கும் தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அவர் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், வெளியில மரத்தடி இருக்கு. இங்க நாறும்."

"எனக்கு மூக்கு கிடையாது சார். ஒரு காய்ச்சல்ல போச்சு, திரும்பி வரல. டால்பினுக்கும் அப்படித்தான். மோப்பமே கிடையாது."

"அப்ப நான்..."

"நீங்க நாறுறீங்களா?"

"ஊரே சொல்லுது."

"சரி, நம்பிக்கறேன். ஊறுகாய் வேணுமா?"

(மூக்கில்லாத டீச்சர் என் இட்டுக்கட்டு. அவர்மேல் மனமிரங்கிச் சேர்த்தேன். மூன்று தடவை எடுக்கப் பார்த்தேன். எடுத்தால் மதியம் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. இருக்கட்டும்.)

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் பட்டறையில்தான் சாப்பாடு. தனக்கு விவாகரத்து ஆனதை டீச்சர் குதிரையின் இடுப்பை அளந்துகொண்டே சொன்னாள், நடுவில் எண்களையும் சொல்லியபடி. அவர் மச்சானின் ஜன்னலைப் பற்றிச் சொன்னார். "அடுத்த தடவை போறப்போ நீங்களே திறந்து வச்சிடுங்க. மனுஷனுக்கு வேலை மிச்சம்" என்றாள்.

வியாழன் மாலை பஸ்ஸில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளை டால்பின். சொல்லாவிட்டால் கன்றுக்குட்டியின் தொண்டை அவள் பட்டியலில் டால்பினின் இடுப்பாக ஏறும். அறுபத்தேழு மெய்யோடு ஒரு பொய். சொன்னால் வேலை போகலாம். அது போனால் போகிறது. அவள் முகம் மாறும். எட்டு வருடப் பொய்க்காரனோடு நான்கு நாள் உட்கார்ந்து சாப்பிட்டோமே என்று நினைப்பாள். கணக்கு அதற்கு மேல் நகரவில்லை.

5

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) அவர் சொல்லவில்லை. டீச்சர் அளந்துகொண்டு போகிறாள். இரண்டு வருடம் கழித்து ஆய்வேடு தபாலில் வருகிறது. நன்றிப் பட்டியலில் அவர் பெயர். அவர் அதைத் தடவிப் பார்க்கிறார். — அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

ஆ) சொல்கிறார். டீச்சர் சிரித்து, "வாங்க, டீ குடிக்கலாம்" என்கிறாள். — உண்மை சொன்னவனுக்கு டீ வாங்கித் தரும் ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இ) சொல்கிறார். டீச்சர் நோட்டை மூடிவிட்டுப் போகிறாள். டைரக்டர் கூப்பிட்டு அனுப்புகிறார். — நடக்கக்கூடியது. ஆனால் இதை எழுத நான் எதற்கு, டைரக்டரே ஒரு மெமோவில் எழுதிவிடுவார்.

மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு நான்காவதை யோசித்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். தொண்டை எலும்பு தன் பக்கத்து எலும்போடு சேர்வது. அதன் முனையில் சேர்ந்த இடம் மழமழவென்று தெரியும். எதோடும் சேராத எலும்புக்கு அது எதற்கு? அறுபத்தேழு ஜோடியைக் கையில் புரட்டியவள் இவள். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்றே திங்கட்கிழமை காலையில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தெரிந்துமா நான்கு நாள் வந்தாள்? நாய், மாடு, குதிரை என்று நீட்டினாள்? அந்த எலும்புகளுக்கு அளவு புத்தகத்திலேயே கிடைக்கும்; அவற்றை அளக்க யாரும் பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

நான் அப்படி நினைத்து அவளை எழுதவில்லை. கெட்டிக்காரி என்று எழுதினேன், அவ்வளவுதான். கெட்டிக்காரியை ஏமாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அவளும் யாரோடாவது சாப்பிட வேண்டியிருந்தது என்றால்— இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் அவள் கோபிப்பாள்.

6

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தது. அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து, கம்பியை நறுக்கி, இரண்டு எலும்பையும் துணி விரித்த தட்டில் வைத்தார். டீச்சர் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் அதன் முனையைத் தடவினாள். மறுபடி தடவினாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"எவ்வளவு நாளா இது இங்க தொங்குது?"

"எட்டு வருஷம்."

"யாரும் கேட்டதில்லையா?"

"இல்ல. நீங்கதான்."

டீச்சர் நோட்டைத் திறந்தாள். பக்கம் நிறைய எண்கள், கடைசி வரி மட்டும் காலி. வெர்னியர் அளவுகோலை உறையிலிருந்து எடுத்தாள். தான் அளக்காமல் அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க சார். நீங்க என்ன சொல்றீங்களோ அதை எழுதிக்கறேன்."

அவர் வாங்கினார். எலும்பின் இரண்டு முனையையும் வெர்னியரின் தாடையில் பிடித்தார். திருகை மெல்ல நகர்த்தினார். எண் தெளிவாகத் தெரிந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, மை ஒரு புள்ளியாக ஊறிக்கொண்டிருந்தது.

"ம், சொல்லுங்க."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவர் வாயில் வார்த்தையைப் போட எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு வாசலில் நின்று கேட்டிருந்தால் இருந்திருக்கும். நீங்கள் அவ்வளவு தூரம் தூக்கக் கலக்கத்தில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், அந்த அளவையோ, அது கன்றுக்குட்டி எலும்பு என்பதையோ.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எதைச் சொன்னாலும் அவள் வேலை இன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை மதியம் அவர் தனியாகத்தான் சாப்பிடுவார். எல்லா வழியிலும் எழுதிப் பார்த்துவிட்டேன், அது மாறவில்லை. அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.