சாக மறுத்த கொடிக்காரர்

என் கணவர் எல்டன் ஸ்ட்ரிக்லர் வாரநாட்களில் பல் மருத்துவர். சனி ஞாயிறுகளில் நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய். ஓஹியோவில் எங்கள் பக்கம் இப்படி நாற்பது பேர் இருக்கிறார்கள். நீலக் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு பழைய சண்டைகளை வயல்வெளியில் நடித்துக் காட்டுவார்கள். ஒருவன் சட்டையில் பிளாஸ்டிக் பொத்தான் இருந்தால் எல்டன் அவனோடு பேசவே மாட்டார். அந்தக் காலத்துப் பித்தளைப் பொத்தான்களைத் தைத்துத் தைத்து விரல் புண்ணாவது எனக்குத்தான்.

போன கோடையில் ஒரு படக்குழு வந்தது. எங்கள் ஊர்ப் படைப்பிரிவைப் பற்றிய படம். சொந்தச் சட்டையோடு நாற்பது சிப்பாய்கள் கிடைத்தால் எந்தப் படக்காரர் விடுவார்? அந்தப் பிரிவின் கொடியைச் சுமந்த அமோஸ் ஸ்ட்ரிக்லர் எல்டனின் பாட்டனுக்குப் பாட்டன் என்று தெரிந்ததும் அவரையே அமோஸாக நடிக்கச் சொன்னார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதையைப் படித்தபிறகுதான் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"என்னய்யா, முகம் இப்படித் தொங்குது?" என்றேன்.

"அமோஸைச் சாகடிச்சுட்டாங்க. மேட்டுல ஏறி, குண்டடிபட்டு, கொடிக்கு முத்தம் கொடுத்துச் சாகுறாராம்."

உண்மையில் அமோஸ் முதல் குண்டு சீறியதுமே கொடியோடு திரும்பி ஓடி, வைக்கோல் கொட்டகைக்குள் புகுந்துகொண்டவர். நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே அவரே இதைச் சொல்லிச் சிரிப்பாராம். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

என் நாத்தனார் டோரினுக்கோ ஒரே பூரிப்பு. "ஓசியில வீரனாக்குறாங்க. வாயை மூடிக்கிட்டுச் செத்துட்டு வாயேன்டா," என்றாள் தம்பியிடம்.

எல்டன் நேராக இயக்குநர் கெய்லிடம் போய் உண்மையைச் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓடுறவனைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான், டாக்டர்? அதான் பொத்தானெல்லாம் நிஜமா இருக்கே," என்றார்.

படப்பிடிப்பு நாள். முதல் தடவை, விழவேண்டிய இடத்தில் எல்டன் விழவில்லை. மரம் மாதிரி நின்றார். கெய்ல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எடுத்தார். இரண்டாம் தடவை பீரங்கி வெடித்ததும் எல்டன் கொடியோடு திரும்பி ஓடத் தொடங்கினார்.

அங்கேதான் வினை. வெடிச்சத்தத்தில் கட்டளை காதில் விழாது. கொடி போகும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் இவர்கள் பல வருடமாகப் பழகியது. ஆகவே மொத்தப் பிரிவும் கூச்சலோடு அவர் பின்னால் ஓடியது. எதிரிகளாக நடித்தவர்கள் யாரைச் சுடுவது என்று தெரியாமல் விழித்தார்கள். நானும் டோரினும் பீன்ஸ் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கூடாரத்தில் வந்துதான் எல்லோரும் நின்றார்கள்.

"கொடி இங்க வந்துச்சு, நாங்களும் வந்தோம்," என்று ஒருவன் தட்டை நீட்டினான்.

கெய்ல் மூச்சிரைக்க வந்தார். எல்டனின் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க, கெய்ல். அன்னைக்கு அமோஸ் கல்யாணமே ஆகாதவர். அங்கயே செத்திருந்தா நான் ஏது? இதோ நிக்கிற எங்கக்கா ஏது? கோழைன்னுகூட சொல்லிக்கங்க. ஆளை உசிரோட விட்ருங்க."

டோரின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் அடிக்கடி சொல்வதில்லை.

கெய்லும் ஒரு தட்டை எடுத்துக் குழம்புக்கு நீட்டினார். பிறகு, "சரி, சாகுறதுக்கு வேற பேர்ல ஒரு ஆளை உண்டாக்கிக்கிறேன்," என்றார். "ஆனா நீங்க ஓடினதை கேமரா எடுத்திருச்சு, டாக்டர். அதைப் படத்துலேர்ந்து நான் வெட்டமாட்டேன்."

படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. ஸ்ட்ரிக்லர் வம்சம் கைக்குழந்தைகளோடு மூன்று வரிசையை அடைத்திருந்தது. திரையில் அந்தக் கற்பனை வீரன் உயிரை விடும்போது ஊரே மூக்கைச் சிந்தியது. அவனுக்குப் பின்னால், ஓரமாக, ஒரு தாடிக்காரர் கொடியை அணைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போனார். எங்கள் மூன்று வரிசையும் எழுந்து கைதட்டியது. எல்லாருக்கும் மேலே டோரினின் குரல்தான் கேட்டது:

"ஓடு அமோஸு, நிக்காம ஓடு."