நோரா தோய்த்த மெழுகுதிரி

எனக்கு வாய் நீளம். ஹோட்டல் குசினியில் தலைமைச் சமையல்காரனோடேயே மல்லுக்கட்டுவேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டை.

எங்கள் மகள் மதுஜா ஒரு வருசத்துக்கு முந்தி மார்கழியில் செத்துப்போனாள். பத்தொன்பது வயது, மூளையில் கட்டி. அன்றிலிருந்து என் மனைவி கஜலக்சுமி மச்சம் மாமிசம் தொடுவதில்லை, யாரோடும் கதைப்பதுமில்லை. ஆறுதல் சொல்ல வந்த சனத்தை வாசலோடு திருப்பி அனுப்பினாள். மேல்மாடியில் இருக்கும் நோராவை மட்டும்தான் உள்ளே விட்டாள். நோரா அயர்லாந்துக்காரி. என் ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள், தானும் ஒரு மகனைப் பறிகொடுத்தவள். இரண்டு பேரும் அரைகுறை ஜெர்மனில் கதைப்பார்கள், சேர்ந்து அழுவார்கள். கஜம் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நோரா தாய்வீட்டில் செய்ததுபோல மெழுகுதிரியைத் தானே செய்வாள். மாட்டுக் கொழுப்பை உருக்கி வடித்து, தடியில் கட்டிய நூல்திரிகளை அதில் தோய்த்து, ஆறவிட்டு, திரும்பவும் தோய்ப்பாள். விரல் தடிப்பு வர முப்பது தரம் தோய்க்க வேண்டும். கொழுப்பை ஹோட்டலில் இருந்து வாளியில் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். எறிகிற சாமான்தானே என்று வீட்டில் சொல்லவில்லை.

மதுஜா செத்து வருசம் முடிந்த ஆட்டைத் திவசத்துக்கு நோரா ஒரு திரியோடு வந்தாள். செத்த பிள்ளைக்கு வெளிச்சம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். கஜம் அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில், மகளின் படத்துக்கு முன்னால் ஏற்றினாள்.

"இஞ்ச பாருங்கோ, பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியுது."

ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்த முகத்தைப் பார்த்து மாட்டுக் கொழுப்பென்று எப்படிச் சொல்வது? சாமிக்கு முன்னால் அப்படியே எரியவிடவும் மனம் வரவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அதே நிறத்தில் கடைத்திரி ஒன்றை அளவாக நறுக்கி மாற்றி வைத்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு.

கஜத்துக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வந்த நோராவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது தரம் தோய்த்த கை அல்லவா? திரியைத் தொட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். அவள் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

அடுத்த நாள் ஹோட்டலில் வழிமறித்தாள்.

"என்ர திரியை எறிஞ்சிட்டியளோ?"

சாமிக்கு மாட்டுக் கொழுப்பு ஆகாதென்ற உண்மையைச் சொன்னால் நேரே கஜத்திடம் மன்னிப்புக் கேட்கப் போவாள். அது நடக்கக் கூடாது. நான் தலையைக் குனிந்தேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கஜம் மேலே போய்க் கதவைத் தட்டினால் தலையிடி என்கிறாளாம்.

"நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?"

ஒவ்வொரு நாளும் கஜம் என்னைத்தான் கேட்கிறாள். சாப்பாட்டுக் கோப்பை திரும்பவும் அப்படியே மூடிக் கிடக்கிறது.

நேற்றுப் பின்னேரம் திரியை ஏற்றிக் கும்பிட்டவள், உடனேயே விரலால் நசித்து அணைத்தாள்.

"ஏன் நூத்திட்டாய்?"

"நோரா தந்ததெண்டு இனி இதுதானே இருக்கு. தீர்ந்துபோகக் கூடாது."

நான் ஓம் என்று தலையாட்டினேன்.